கயலின் முன்பல்லும் எதிராளி வீட்டுப் படியும்

சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லில் அடிபட்டால் எங்கே ஓடுவது என்று எங்கள் மகளிர் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கும் தெரியாது. காய்ச்சல் வந்தால், பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று ஊரில் ஆளாளுக்குச் சொல்வார்கள். பல்லில் அடிபட்டால் மட்டும், "பால் பல்லுதானே, போனா முளைச்சுக்கும்" என்று விட்டுவிடுவார்கள். என் மகள் கயலுக்கு நடந்ததை எழுதிக் கொடு என்று குழுவில் கேட்டார்கள், எழுதுகிறேன். நடுநடுவே நிலத்து வழக்கும் வரும். அதை விட்டுவிட்டு இதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. நெல் வாங்க வரும் வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டுவிட்டு "ஈரம் ஜாஸ்தி" என்று சொன்னால், மீட்டர் வைத்துக் காட்டு என்று நிற்பேன். எடை போடும்போது வேறு பக்கம் திரும்பமாட்டேன். என் வீட்டுக்காரர் முருகையன் இதற்கு நேர்மாறு. யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். நான் ஒருத்தி சந்தேகப்படவில்லை என்றால் எங்கள் வீட்டில் ஒரு மணி நெல் மிஞ்சியிருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எங்கள் தெருவில் சில குடும்பங்கள் ஒரே பண்ணையின் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறோம். என் மாமனார் அந்தப் பண்ணையில் ஆளாக வேலை பார்த்தவர். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தபோது அவர் பெயரும் ஏறியது. பண்ணை வீட்டாருக்கு அது அன்றிலிருந்து தொண்டையில் சிக்கிய முள். தேர்தல் வந்தால் ஒரு கரைவேட்டி எங்கள் தெருவுக்கு வந்து "நிலம் உங்களுக்குத்தான்" என்று பேசும். இன்னொரு கரைவேட்டி பண்ணை வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்கும். அடுத்த தேர்தலில் கரை மாறும், பேச்சும் காப்பியும் மாறாது. கடைசியில் விவகாரம் வருவாய் நீதிமன்றத்துக்குப் போனது. குத்தகைக்காரர்கள் தாங்களாகவே நிலத்தை ஒப்படைக்கச் சம்மதித்துவிட்டார்கள் என்பது பண்ணையின் வாதம்.

சம்மதித்தது யார்? எங்கள் தெருவில் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தோம். ஒருநாள் பண்ணையின் காரியக்காரர், அதாவது அவர்களுடைய வயல் வேலைகளைக் கவனிக்கிறவர், என் வீட்டு வாசலில் நின்று ஏதோ விசாரித்துவிட்டுப் போனார். அது போதுமே. மறுநாள் பால் வாங்கப் போனால் பேச்சு நிற்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மாரியம்மன் கோயிலில் எல்லோரையும் கூட்டச் சொன்னேன். எங்கள் குத்தகைக்காரர் சங்கத் தலைவர் மாசிலாமணி அண்ணன் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். "கேசு முடியிற வரைக்கும் பண்ணை வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன். மிதிச்சா எம் புள்ளைக்கு ஆகாது" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. வாய் கொழுப்புதான்.

அப்போது கயலுக்கு நாலு வயது.

வாய்க்காலில் தண்ணீர் வந்து, நாற்று விட்டிருந்த சமயம். நான் வரப்பு ஓரம் நின்றிருந்தேன். கயல் மதகின் சிமெண்டுக் கட்டைமேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தாள். அலறல் கேட்டுத் திரும்பினால் காரியக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். பிள்ளையின் வாய் முழுக்க ரத்தம், சட்டையெல்லாம் ரத்தம்.

"தானா குதிச்சு வழுக்கி விழுந்துச்சும்மா. நான் ஓடறதுக்குள்ள கட்டையில மோதிடுச்சு" என்றார்.

அவர் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினேன். தள்ளிவிட்டிருப்பார் என்றுதான் என் மனம் சொன்னது. கயலே பிற்பாடு, "நான்தாம்மா குதிச்சேன்" என்று பல தடவை சொன்ன பிறகுதான் அந்தச் சந்தேகத்தை விட்டேன்.

வாயைக் கழுவிப் பார்த்தோம். மேல்வரிசை முன்பல் இரண்டில் ஒன்று இல்லை. அங்கே கிழிந்த ஈறும் ரத்தமும்தான் இருந்தது. பல் வாய்க்காலில் விழுந்துவிட்டது என்று எல்லோரும் தேட ஆரம்பித்தோம். என் நாத்தனார், விழுந்த பல்லைச் சாணியில் வைத்துக் கூரைமேல் போடாவிட்டால் புதுப்பல் முளைக்காது என்று அழுதாள். முருகையன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவினார். காரியக்காரர் மதகை அடைத்துத் தண்ணீரை நிறுத்தினார். அந்த மதகை யார் திறப்பது, யார் அடைப்பது என்று வெட்டுக்குத்துவரை போயிருக்கிறோம். அன்றைக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து சேற்றைச் சலித்தார்கள். பல் கிடைக்கவில்லை. நல்ல நேரத்தையெல்லாம் அந்தச் சேற்றில் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. நீடாமங்கலம் கேட் அடைத்தால் லேசில் திறக்காது, எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கயல் என் மடியில் கிடந்து முனகினாள். அவளுடைய உதடு வீங்கிக்கொண்டே வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். காயத்தைச் சுத்தம் செய்து, தடுப்பூசி போட்டு, தலையில் அடி இருக்கிறதா என்று கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். வாந்தி வந்தாலோ தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே கூட்டி வரச் சொன்னார். பல் டாக்டர் அன்றைக்கு வருகிற நாள் இல்லை. கடைத்தெருவில் பல்செட் கட்டுகிற வயதான பல் வைத்தியரிடம் போனோம். அவர் கயலின் வாயைக்கூடத் திறக்கவில்லை. "பெரியவங்கன்னா பார்ப்பேன். இவ்வளவு சின்னப் புள்ளைய நான் தொடமாட்டேம்மா. எக்ஸ்ரே இருக்கற இடமா போங்க" என்று கையை விரித்தார்.

பல்லுக்கு எக்ஸ்ரே இருக்கிற இடம் அந்த ஊரில் அப்போது ஒன்றுதான். பண்ணை வீட்டுச் சின்னவர் சென்னையில் பல் மருத்துவம் படித்துவிட்டு வந்து, தங்கள் டவுன் வீட்டின் முன்கட்டில் நடத்துகிற ஆஸ்பத்திரி. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரே படி.

ஆட்டோவை அந்த வாசலில் நிறுத்தச் சொன்னேன், ஆனால் இறங்கவில்லை. எதிர்ச்சாரியில் டீக்கடை. அதில் எங்கள் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். சத்தம் கேட்டுச் சின்னவரே வெளியே வந்தார்.

"உள்ள வாங்க" என்றார். இவருடைய அப்பா என் மாமனாரை அறுபது வயதிலும் "வாடா" என்று கூப்பிட்டவர். மகன் "வாங்க" என்றதும் எனக்கு மரியாதையாகத் தோன்றவில்லை, வழக்கை மனசில் வைத்த உஷாராகத்தான் தோன்றியது.

"இங்கயே பாருங்க" என்றேன்.

"சின்னய்யா, அது வந்து..." என்று முருகையன் இழுத்தார். பழக்க தோஷம். அவர் தொடையில் கிள்ளினேன்.

சத்தியத்தைப் பற்றி அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் தெருவில் இறங்கி வந்தார். கையுறை போட்டுக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் கயலின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறை லேசாகத் தடவினார்.

"பல்லு விழலைங்க. மேல ஏறியிருக்கு" என்றார்.

"மேலன்னா?"

"ஈறுக்குள்ள. சுவத்துல ஆணி அடிச்சா உள்ள போகும்ல, அப்படி. முழுசா உள்ள போயிருக்கு. எந்தப் பக்கமா போயிருக்குன்னு எக்ஸ்ரேல பார்க்கணும். மெஷினை இங்க தூக்கிட்டு வர முடியாதுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பக்கத்துச் சந்துல ஒரு கதவு இருக்கு. அதுக்குப் படி கிடையாது" என்றார்.

"சாமிய ஏமாத்தச் சொல்றீங்களா?"

எனக்கு இன்னொரு கணக்கும் ஓடியது. சந்து வழியாகத் திருட்டுத்தனமாக நுழைந்ததை டீக்கடையில் பார்த்தால், விலை பேசத்தான் போனாள் என்று முடிவே கட்டிவிடுவார்கள். கயல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வலிக்குதும்மா" என்றாள். முருகையன் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. போவதானால் நேராகத்தான் போவது. எல்லோரும் பார்க்க அந்தப் படியில் ஏறினேன். ஆகாதது எதுவானாலும் எனக்கு ஆகட்டும், இவளுக்கு வேண்டாம் என்று மாரியம்மன் தாயிடம் முறையிட்டுக்கொண்டே ஏறினேன்.

உள்ளே கயலை என் மடியில் உட்கார வைத்து, தபால்தலை அளவு பிலிமை வாயில் வைத்துப் படம் எடுத்தார். படத்தை விளக்குக்கு நேரே பிடித்து எனக்குக் காட்டினார். பால் பல்லுக்குப் பின்னால், எலும்புக்குள், பெரிய பல் உருவாகிக்கொண்டிருக்கும். உள்ளே போன பால் பல் உதட்டுப் பக்கமாகச் சாய்ந்து போயிருந்தால் பெரிய பல் தப்பிக்கும். பின்பக்கமாகப் போயிருந்தால் அதை இடிக்கும். உதட்டுப் பக்கம் போன பல் படத்தில் பக்கத்துப் பல்லைவிடக் குட்டையாகத் தெரியும், பின்பக்கம் போனது நீளமாகத் தெரியும்.

"இது குட்டையா தெரியுது பாருங்க. அப்படின்னா வெளிப்பக்கம்தான் போயிருக்கணும்" என்றார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "எனக்கு இதுல பழக்கம் கம்மிங்க. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அடிபட்ட பல்லு நான் அதிகம் பார்த்ததில்ல. காலேஜ்ல பாடமா படிச்சதுதான். எங்க மேடம்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் இங்கிலீஷில் பேசினார். வக்கீலிடம்தான் பேசுகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். 'டூத்' என்ற வார்த்தை நாலைந்து முறை வந்தது. அதில் பாதிச் சந்தேகம் போனது, பாதி இருந்தது.

திரும்பி வந்து, "இப்ப ஒண்ணும் பண்ண வேணாம்" என்றார். பல் தானாகவே இறங்கி வர வாய்ப்பு இருக்கிறது, சில மாதம் ஆகலாம். அதுவரைக்கும் குழைந்த சாப்பாடு, பஞ்சால் ஈறைத் துடைத்துச் சுத்தம், வாராவாரம் வந்து காட்ட வேண்டும். வீக்கமோ சீழோ காய்ச்சலோ வந்தால் உடனே வர வேண்டும். அவ்வளவுதான்.

"சரிங்க" என்றார் முருகையன்.

ஒன்றும் செய்யாமல் விடுவது ஒரு வைத்தியமா? அதுவும் யார் சொல்கிறார்? தெரியாது என்று தானே ஒப்புக்கொண்ட ஆள், பண்ணை வீட்டுப் பிள்ளை. எங்கள்மேல் உள்ள காட்டத்தை என் மகள் வாயில் தீர்த்துக்கொள்கிறாரோ என்று நினைத்தேன். படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் தஞ்சாவூர் போனோம். தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். ஏசி போட்ட காத்திருப்பு அறை, கண்ணாடித் தொட்டியில் மீன், டிவியில் பொம்மைப் படம். கயல் மீனைப் பார்த்து வலியை மறந்து உட்கார்ந்திருந்தாள். அங்கே இருந்த பல் டாக்டர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "எடுத்துடலாம். புள்ள அடம் பிடிக்கும், மயக்கம் குடுத்து எடுத்துடலாம். ஒரு நாள் தங்குற மாதிரி வாங்க" என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. இவர்தான் டாக்டர், வைத்தியம் என்று ஒன்றைச் செய்கிறார் என்று நினைத்தேன். எங்கள் அரசுக் காப்பீட்டு அட்டையை நீட்டினேன். பல்லுக்கு அது செல்லாது என்றார்கள்.

அன்றைக்கே அறை கொடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்து சளி இருக்கிறதா என்று கேட்டார். விடிந்தால் ஆபரேஷன், அதனால் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போய்விடுமாம். அதற்காகத்தான் பட்டினி. காலையில் கயல் பச்சைக் கவுன் போட்டுக்கொண்டு, "ஒரு வாய் தண்ணிம்மா" என்று கெஞ்சினாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ பாட்டிலைத் திறந்தாலே தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

பல் டாக்டர் வந்தபோது பையிலிருந்த படத்தை எடுத்துக் காட்டினேன். "இது எந்தப் பக்கமா போயிருக்குங்க சார்?"

வாங்கினார், பார்த்தார் என்று சொல்ல முடியாது. "எந்தப் பக்கம் போனா என்னம்மா, பால் பல்லுதானே."

"அடியில பெரிய பல்லு இருக்குல்ல சார். எடுக்கும்போது அதுல படாதா?"

"அது வர்றப்ப பாத்துக்கலாம்."

"இந்த மாதிரி உள்ள போன பல்லு, சின்னப் புள்ளைங்களுக்கு, நீங்க எடுத்திருக்கீங்களா சார்?"

"டெய்லி பல்லுதாம்மா எடுக்கறோம்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

மூட்டைக்குள் கையை விட்டுவிட்டு "ஈரம்" என்று சொல்கிற குரல் அது. எனக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். கயலின் கவுனைக் கழற்றிவிட்டுச் சட்டையைப் போட்டேன். தள்ளுகட்டிலோடு வந்த நர்ஸ் திகைத்து நின்றாள். எதற்கும் சத்தம் போடாத முருகையன் அன்றைக்குத்தான் என்னிடம் சத்தம் போட்டார்.

"எதிராளி சொன்னத நம்புவ, இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரில சொல்றத நம்பமாட்டியா? உனக்கு என்னதான் ஆச்சு?"

"அவரையும் நம்பல. இவரையும் நம்பல. படத்துல குட்டையாத்தான் தெரியுது, நீங்களே பாருங்க."

அவர் படத்தை வாங்கி வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டார். செய்த சோதனைகளுக்கெல்லாம் பணம் கட்டிய பிறகுதான் வெளியே விட்டார்கள். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் முருகையன் இட்லியைச் சாம்பாரில் ஊற வைத்து, விரலால் மசித்து, ஊதி ஊதிக் கயலுக்கு ஊட்டினார். ஊர் வரும்வரை என்னோடு பேசவில்லை. பிள்ளையை மட்டும் என் மடிக்கு மாற்றவே இல்லை, தானே வைத்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு வாராவாரம் அந்தப் படியில் ஏறினேன். ஊர் சும்மா இருக்குமா? மாசிலாமணி அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, தப்பா நெனச்சுக்காத. அங்க எதுலயாச்சும் கையெழுத்து போட்டியா?"

"எக்ஸ்ரே எடுத்தோம்ணே. கையெழுத்து ஒண்ணும் கேக்கல."

"கேக்காம இருப்பாங்களா?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் கயலின் வாயைப் பார்த்தார். அங்கே வெறும் ஈறுதான் தெரிந்தது. பல்லைப் பிடுங்கியிருந்தால், பிடுங்கிய பல்லாவது வைத்தியத்துக்குப் போனேன் என்பதற்குச் சாட்சியாக இருந்திருக்கும். ஒன்றும் செய்யாத வைத்தியத்துக்கு என்ன சாட்சி காட்டுவது? அடுத்த சங்கக் கூட்டத்துக்கு எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. நடவு வயலில் நான் வரப்பில் கால் வைத்ததும் பாட்டு நின்றது. நாத்தனார் மட்டும் கொல்லைப்பக்கமாக வந்து, குழைய வடித்த சோற்றில் பருப்பும் ரசமும் விட்டுப் பிசைந்து கொடுத்துவிட்டுப் போவாள். முன்வாசலால் வர அவளுக்கும் பயம். அந்தக் கிண்ணத்தை வாங்கும்போது எனக்குக் கோபமும் வரும், கண்ணீரும் வரும்.

பிறகு வீக்கம் வந்தது. ஒரு சாயங்காலம் கயலுக்கு உடம்பு சுட்டது. உதட்டைத் தூக்கினால் ஈறு புடைத்துச் சிவந்திருந்தது. மிதித்தால் பிள்ளைக்கு ஆகாது என்று சொன்னது நான்தானே, ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். சின்னவரிடம் ஓடினோம். அவர் ஈறைத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் மேடத்துக்குப் போன் போட்டார். மருந்து எழுதினார்.

"சில நாள் பார்க்கலாம். சீழ் கட்டினா எடுத்துத்தான் ஆகணும்."

"அப்ப அன்னைக்கே எடுத்திருக்கணுமா?"

"இருக்கலாங்க" என்றார். "எனக்குத் தெரியலை."

அந்த இடத்தில் அவரை ஓங்கி அறையலாமா என்று இருந்தது. தெரியலை என்று சொல்கிறவரிடம் பிள்ளையைக் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன். ஆனால் வீடு திரும்பும்போது வேறொன்று தோன்றியது. என்னை ஏமாற்ற நினைக்கிறவன், 'நான் செஞ்சதுதான் சரி' என்று அல்லவா சொல்லுவான்? பழி தன்மேல் விழும்படி எந்த வியாபாரியாவது பேசி நான் கேட்டிருக்கிறேனா? அன்று முதல் அவர் 'தெரியும்' என்று சொல்வதை மட்டும் சந்தேகப்படுவது, 'தெரியாது' என்று சொல்வதை நம்புவது என்று வைத்துக்கொண்டேன்.

காய்ச்சல் இறங்கியது. வீக்கம் வடிந்தது. சம்பா கதிர் வாங்கிய சமயம், ஒருநாள் பஞ்சால் துடைக்கும்போது விரலில் கெட்டியாக ஏதோ தட்டியது. கயலைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடினேன். ஈறில் அரிசி முனை அளவு வெள்ளை. அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கயல் பயந்துபோய், "வலிக்கலம்மா, நெசமா வலிக்கல" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள்.

பல் முழுவதும் இறங்கியது, கொஞ்சம் சாம்பல் நிறமாக. சின்னவர் அப்போதும் சந்தோஷப்படவிடவில்லை. "அடியில இருக்கற பெரிய பல்லுக்கு என்ன ஆச்சுன்னு இப்பச் சொல்ல முடியாது. ஏழு வயசுல அது வரும்போதுதான் தெரியும். கறை இருக்கலாம், கோணலா வரலாம், ஒண்ணும் இல்லாமயும் வரலாம்" என்றார்.

அந்த ஏழாவது வயதும் வந்தது. இதற்குள் சின்னவருடைய அப்பா காலமாகி, வழக்கில் அவர் இடத்தில் சின்னவர் பெயரே ஏறியிருந்தது. கயலின் சாம்பல் பல் ஆடி விழுந்து, அந்த இடத்தில் புதுப்பல் தலைகாட்டியது. நேராகத்தான் வந்தது. ஆனால் நுனியில் மஞ்சளாக ஒரு திட்டு. சூடத்தின் தழும்பு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்த வாரம்தான் என்னைச் சாட்சி விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கயலை விட்டுவர ஆளில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன்.

பண்ணை வக்கீல் எழுந்தார். "எதிர்த்தரப்பு வீட்டுக்கு நீங்க வாராவாரம் போய்ட்டு வந்தது உண்மைதானே?"

"உண்மைங்க."

"நிலத்தை ஒப்படைக்கிறதப் பத்திப் பேசத்தானே போனீங்க?"

"எம் பொண்ணு பல்லக் காட்டப் போனேன்."

"அந்தப் படிய மிதிக்க மாட்டேன்னு கோயில்ல சூடம் அணைச்சு, பெத்த புள்ள மேல சத்தியம் பண்ணினதும் உண்மைதானே?"

எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு கிறீச்சிட்டது. சின்னவர் தலையைக் குனிந்திருந்தார். இவர்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உண்மைங்க" என்றேன்.

"அந்தச் சத்தியத்தை மீறிட்டீங்க. இப்ப இங்க நின்னு சொல்ற சத்தியத்தை மட்டும் எப்படி நம்பறது?"

"எம் புள்ளைக்கு வலிச்சுது, மிதிச்சேன்" என்றேன். "இன்னொரு தடவ வலிச்சா இன்னொரு தடவ மிதிப்பேன். அதுக்காக நிலத்த யாருக்கும் எழுதிக் குடுக்கல. எழுதிக் குடுக்கவும் மாட்டேன்."

விசாரித்த அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். மாசிலாமணி அண்ணன் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தார்.

வெளியே தாழ்வாரத்தில் சின்னவர் கிட்டத்தில் வந்தார். "வக்கீலுக்கு நான் சொல்லலைங்க" என்றார்.

நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை. அவர் கயலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பல்லு வந்துடுச்சா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கயல் வாயைத் திறந்து காட்டினாள். இரண்டு பக்கத்து வக்கீல்களும் எங்கள் ஊர்க்காரர்களும் நிற்க, அவர் குனிந்து பார்த்தார்.

"திட்டு ஒண்ணு விழுந்திருக்கு. அடிபட்டதால வந்ததா, எடுக்காம விட்டதால வந்ததான்னு எனக்குத் தெரியாதுங்க. மேல ஒரு பூச்சு வெச்சா மறைஞ்சிடும், பல்லுக்கும் நல்லது. நான் வெக்கிறேன். இல்ல, வேற யார்கிட்டயாவது காட்டறதுன்னாலும் சரிதான்."

தீர்ப்பு இன்னும் வரவில்லை. நில விஷயத்தில் அவரை ஒரு சாண்கூட நம்பமாட்டேன். ஆனாலும் விசாரணைக்கு மறுநாள் காலையில் கயலைக் கூட்டிக்கொண்டு அந்தப் படியில் ஏறினேன். அவள் நாற்காலியில் சாய்ந்து, சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்தாள். அவர் கருவியை எடுத்தார்.

"விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க" என்றேன். "நீங்க பண்றதெல்லாம் எனக்குத் தெரியணும்."

திருப்பினார்.